மொன்றியல் பட்டர் ஏன் இளகவில்லை?

2021 பெப்ரவரி. கியூபெக்கில் இரவு எட்டு மணிக்குப் பிறகு வெளியே போகக் கூடாது என்ற ஊரடங்கு நடந்துகொண்டிருந்த நேரம். மகளின் பிறந்தநாளுக்கு ஆட்களைக் கூப்பிட வழியில்லை. கேக்காவது வீட்டில் செய்வோம் என்று அம்மா முடிவெடுத்தார். ஊர் முறைப் பட்டர் கேக். ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, முட்டை, மா. கனடாவில் பட்டர் கட்டி 454 கிராமில் வரும். அது சரியாக ஒரு இறாத்தல் என்பதால் அம்மாவுக்கு இந்த நாட்டில் பிடித்த ஒரே அளவு அதுதான்.

கட்டியைக் காலையிலேயே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டார். மொன்றியல் டவுன்டவுனில் எங்கள் அடுக்குமாடியில், வெளியே மைனஸ் பதினைந்து என்றாலும், உள்ளே சட்டை போடாமல் இருக்கலாம். அவ்வளவு ஹீற்றிங். மத்தியானம் மூன்று மணிக்கு விரலால் அமுக்கிப் பார்த்தார். பள்ளம் விழவில்லை. சீனியைப் போட்டு அகப்பையால் அடித்தபோது பட்டர் வெண்மையாகப் பொங்கி வராமல், உடைந்து உடைந்து கட்டியாக நின்றது.

“தம்பி, இது பட்டரில்லை. மாஜரினைப் பட்டரெண்டு வித்துப் போட்டாங்கள்.”

“இல்லை அம்மா, பட்டர்தான். பெட்டியில போட்டிருக்கு. கனடாப் பால்.”

பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மாடு வளர்த்த மனுசி கேட்கிற கேள்வியைக் கேட்டார்: “அப்ப மாட்டுக்கு என்னத்தைத் தின்னக் குடுக்கிறாங்கள்?”

நான் சிரித்தேன். அடுத்த இரண்டு கிழமைக்குள் கனடா முழுக்க அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

கல்கரியில் இருக்கும் சமையல் எழுத்தாளர் ஜூலி வான் ரோசண்டால், இந்தப் பட்டர் அறை வெப்பத்திலும் இளகவில்லையே, உங்களுக்கும் அப்படியா என்று சமூக ஊடகத்தில் கேட்டார். நூற்றுக்கணக்கானோர் “எங்களுக்கும்தான்” என்றார்கள். அவர் அதைத் தேடிப்போய் ‘குளோப் அண்ட் மெயில்’ பத்திரிகையில் எழுதினார். டல்ஹௌசி பல்கலைக்கழகப் பேராசிரியர் சில்வான் ஷார்லெபுவா காரணத்தை வெளிப்படையாகப் பேசினார்: கறவை மாடுகளின் தீனியில் சேர்க்கப்படும் பாம் எண்ணெய்க் கொழுப்பு. அமெரிக்காவின் வாட்டர்கேட் விவகாரத்தின் பெயரைக் கடன் வாங்கி, பத்திரிகைகள் இதற்குப் ‘பட்டர்கேட்’ என்று பெயர் வைத்தன.

செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு வெற்றிப் பெருமிதம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். “பனை எண்ணெயோ? பனையில எங்க தம்பி எண்ணெய்?”

நியாயமான கேள்வி. எங்கட பனை வேறு, இது வேறு. இது செம்பனை, ஆபிரிக்காவிலிருந்து வந்த மரம். அதன் பழச் சதையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு. அதைப் பிரித்து, குருணையாகவோ செதிலாகவோ ஆக்கி மாட்டுத் தீனியில் கலக்கிறார்கள். ஒரு மாட்டுக்கு நாளுக்குச் சில நூறு கிராம். இருபது கிலோவுக்கு மேல் உலர்தீனி தின்கிற மாட்டுக்கு இது ஒரு பிடி மாதிரித்தான். ஆனால் அந்த ஒரு பிடி நேராகப் பாலுக்குப் போகிறது.

ஏன் நேராகப் போகிறது என்பதற்கு, மாட்டின் வயிற்றுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும்.

மாடு தின்கிற புல் முதலில் போவது அசைபோடும் முதல் வயிற்றுக்குள். நூறு லீற்றருக்கு மேல் கொள்ளும் ஒரு புளிப்புத் தொட்டி என்று அதை வைத்துக்கொள்ளலாம். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை உடைத்து அசெட்டிக் அமிலம் ஆக்குகின்றன. வினாகிரியில் இருக்கிற அதே அமிலம். அது இரத்தத்தில் கலந்து மடிக்குப் போக, மடி அதைக் கொண்டே பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதியைத் தானாகச் செய்துகொள்கிறது. மீதிப் பாதி, மாடு தின்ற கொழுப்பிலிருந்தும் அதன் உடம்புக் கொழுப்பிலிருந்தும் வருகிறது. ஆகவே நார் குறைந்து தானியம் கூடினால் பாலின் அளவு கூடலாம், ஆனால் கொழுப்பு இறங்கிவிடும். வைக்கோலும் புல்லும் போடாமல் தவிட்டையே கரைத்து ஊற்றினால் பால் தண்ணியாகத்தான் வரும் என்று எங்கட ஊர்ப் பெண்கள் சொன்னதும் இதைத்தான்.

மரக்கறி எண்ணெய்கள் இளகிய கொழுப்பு. அவை அந்தத் தொட்டிக்குள் போனால் நுண்ணுயிர்கள் அவற்றைப் பிடித்து மாற்றிவிடும். கூடிப்போனால் அவற்றின் வேலையே குழம்பிவிடும். பால்மிட்டிக் அமிலம் அப்படியில்லை. அது ஏற்கெனவே இறுகிய கொழுப்பு. நுண்ணுயிர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. தொட்டியைத் தாண்டி, குடலுக்குப் போய், இரத்தத்துக்குப் போய், மடிக்குப் போய், பாலில் இறங்குகிறது. அது உருக 63 பாகை செல்சியஸ் வேண்டும். புல் மேய்ந்த மாட்டின் பாலில் கூடுதலாக இருக்கும் ஒலெயிக் அமிலம் 13, 14 பாகையிலேயே உருகிவிடும். முதலாவது கூடி இரண்டாவது குறைந்தால், அறை வெப்பத்தில் வைத்த பட்டர் கத்திக்கு வழிவிடாது.

பட்டர் இறுகுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. குளிர்காலத் தீனியில் வரும் பட்டர் எப்போதும் கோடையில் வருவதைவிடக் கொஞ்சம் கடினம். பாலாடையை எப்படிக் குளிரவைத்துக் கடைகிறார்கள் என்பதும் முக்கியம். அதனால் ஆரம்பத்தில் விஞ்ஞானிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. பிறகு குவெல்ப் பல்கலைக்கழகத்தில் அலெஹாந்த்ரோ மராங்கோனியின் குழு கடைப் பட்டர்களை வாங்கிச் சோதித்தபோது, பால்மிட்டிக் அமிலம் கூடக்கூடப் பட்டர் கடினமாகிறது என்ற தொடர்பு தெரிந்தது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விசயமும் இல்லை. இந்தியாவில் பருத்திக்கொட்டை தின்னும் மாடுகளின் நெய் மற்ற ஊர் நெய்யைப் போல இருக்காது என்று தெரிந்தே, அக்மார்க் விதிகளில் பருத்தி விளையும் பகுதி நெய்க்கென்று தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் சுத்தமான நெய்யைக் கலப்பட நெய் என்று சோதனைச்சாலை சொல்லிவிடும். தேங்காய்ப் புண்ணாக்கு வெண்ணெயை இறுக்கும் என்பதும், எண்ணெய்ப்பசை உள்ள எள்ளு, கடலைப் புண்ணாக்குகள் இளக்கும் என்பதும் பழைய பாற்பண்ணைப் பாடநூல்களில் உள்ள சங்கதி.

நிறமும் அப்படித்தான். பச்சைப் புல்லில் இருக்கும் கரோட்டின்தான் பசு நெய்யின் மஞ்சள். எருமை அந்தக் கரோட்டினை விற்றமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் வெள்ளை வெளேர். வைக்கோலும் தானியமும் மட்டும் தின்னும் பசுவின் வெண்ணெயும் வெளிறிப் போகும். (மஞ்சளைப் பற்றி ஒரு கதை: பட்டரோடு போட்டி போடக் கூடாது என்பதற்காக, மஞ்சள் நிற மாஜரினை விற்கவே கியூபெக்கில் 2008 வரை தடை இருந்தது. அதற்கு முன் வந்து இறங்கிய எங்கட ஆட்களுக்கு அந்த வெள்ளை மாஜரின் நினைவிருக்கும். அம்மாவின் சந்தேகத்துக்குச் சரித்திர ஆதாரம் இருக்கிறது என்று சொல்ல வருகிறேன்.)

மணத்தைச் சொல்லவே வேண்டாம். எங்கள் வீடு புன்னாலைக்கட்டுவனில். வெங்காயப் பூமி. அறுவடை முடிந்த தோட்டத்துக்குள் மாடு புகுந்து வெங்காயத் தாளைத் தின்றுவிட்டால் அன்றைய பின்னேரத் தேத்தண்ணி யாருக்கும் இறங்காது. தீனியின் வாசம் வயிற்றாலும் மூச்சாலும் இரத்தத்துக்குப் போய் அரை மணித்தியாலத்துக்குள் பாலில் வந்துவிடும். அதனால் மணக்கிற தீனியைப் பால் கறந்த பிறகுதான் போட வேண்டும். அம்மா எந்தக் கல்லூரிக்கும் போகாமல் இதைச் செய்தார்.

ஆனால் ‘ஊரில் எல்லாம் சுத்தம், இங்கே எல்லாம் நஞ்சு’ என்று முடிக்கிற கட்டுரை இதுவல்ல. எங்கட வீட்டு மாடு நாளுக்கு மூன்று லீற்றர் தந்தால் பெரிய விசயம். பனையோலை கிழித்துப் போட்டு, பூவரசங் குழை ஒடித்துப் போட்டு, எள்ளுப் புண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு குழைத்து வைத்தாலும் அவ்வளவுதான். அதிலும் கண்டுக்கு விட்டது போகத்தான் எங்களுக்கு. பால்காரர் கொண்டுவந்த பாலில் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு என்பது தனிக் கணக்கு. கியூபெக்கின் ஹோல்ஸ்டைன் மாடு நாளுக்கு முப்பது லீற்றருக்கு மேல் தருகிறது. கண்டு போட்ட முதல் மாதங்களில் அது கறக்கிற அளவுக்கு அதனால் தின்ன முடியாது. உடம்பை உருக்கிப் பால் தருகிறது. அந்த நேரத்தில் கொஞ்சம் கொழுப்பைத் தீனியில் சேர்ப்பது மாட்டுக்கும் உதவி என்று பண்ணைக்காரர்கள் சொல்வது பொய்யில்லை. பாம் கொழுப்பு இந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட தீனி. யாரும் சட்டத்தை மீறவில்லை.

அப்படியானால் கோபம் எங்கே? காசு கொடுக்கிற முறையில்.

கனடாவில் பால் உற்பத்தி, கோட்டா முறையில் நடக்கிறது. ஒரு பண்ணை எவ்வளவு பால் விற்கலாம் என்பதை லீற்றரில் அளப்பதில்லை; நாளுக்கு எத்தனை கிலோ பால் கொழுப்பு என்று அளக்கிறார்கள். நல்ல மாடு ஒன்று நாளுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கொழுப்புத் தரும். அந்த ஒரு கிலோவுக்கான கோட்டாவின் விலை கியூபெக்கில் 24,000 டொலர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஆக ஒரு மாட்டின் பாலை விற்கும் உரிமைக்கே ஒரு காரின் விலை. அதன் பிறகு பாலுக்கு வரும் காசிலும் பெரும்பங்கு கொழுப்புக்குத்தான். புரதத்துக்கும் மற்றத் திண்மப் பொருளுக்கும் மிச்சம். கொழுப்பு எந்த வகை, இளகியதா இறுகியதா என்று யாரும் கேட்பதில்லை. கிலோ, கிலோதான்.

2020இல் பெருந்தொற்று வந்தது. சனம் வீட்டில் அடைபட்டுப் பாண் சுட்டது, கேக் சுட்டது. பட்டர் விற்பனை ஏறியது. கொழுப்புக் கூடுதலாகத் தேவை. புது மாடு வாங்கிக் கொட்டிலைப் பெருப்பிப்பதை விட, இருக்கிற மாட்டின் பாலில் கொழுப்பைக் கொஞ்சம் ஏற்றுவது மலிவு. பாம் கொழுப்புச் சாக்கு அங்கேதான் கைகொடுக்கிறது. விலைப்பட்டியல் அப்படிச் சொன்னால் விவசாயி அப்படித்தான் செய்வார். நான் அவரிடத்தில் இருந்தாலும் செய்திருப்பேன்.

இதில் எனக்கு உறுத்துகிற இன்னொன்று உண்டு. உலகத்துப் பாம் எண்ணெயில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து வருகிறது. மலேசியாவில் வியாபாரத்துக்காகச் செம்பனை முதன்முதல் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில். றப்பருக்கும் பிறகு செம்பனைக்கும் அங்கே காடு வெட்டித் தோட்டம் ஆக்கிய கைகளில் தமிழகத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட தமிழரின் கைகள் எத்தனை! அந்த மரத்தின் கொழுப்பு கடல் தாண்டி வந்து, கியூபெக்கில் ஒரு மாட்டின் வயிற்றுக்குள் போய், டவுன்டவுனில் என் மேசையில் ‘கனடாப் பால்’ என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டியில் இருக்கும் நீல மாட்டுச் சின்னம் பால் நூறு சதவீதம் கனடாவினது என்று உறுதி சொல்கிறது. உண்மைதான். பாலுக்குள் இருக்கும் கொழுப்பு எந்த நாட்டுத் தோட்டத்தில் விளைந்தது என்று அது சொல்லாது.

2021 பெப்ரவரி முடிவதற்குள் ‘டெயரி ஃபார்மர்ஸ் ஒஃப் கனடா’ அமைப்பு, பாம் கொழுப்புக்கு மாற்று வழி பாருங்கள் என்று பண்ணையாளர்களைக் கேட்டுக்கொண்டது. நிபுணர் குழு ஒன்றும் அமைத்தது. அது வேண்டுகோள்; சட்டமல்ல. இரண்டு மாதம் கழித்து இலங்கை அரசு செம்பனைப் பயிருக்கும் பாம் எண்ணெய் இறக்குமதிக்கும் தடை அறிவித்தது வேறு காரணங்களுக்காக. மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அம்மா இரண்டையும் சேர்த்துத்தான் நினைவு வைத்திருக்கிறார்: “அங்கேயும் நிப்பாட்டிப் போட்டாங்கள்.”

வேண்டுகோளுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். செய்து காட்டியவர்களின் மாவில்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். அங்கர் பால் மாவைச் சொல்கிறேன். அது அப்போது நியூசிலாந்தின் ஃபொன்டெரா கூட்டுறவு நிறுவனத்தினதாக இருந்தது. புல் மேயும் மாடு என்பதுதான் அவர்களின் விளம்பரம். ஆனால் அங்கேயும் புல் குறையும் காலத்தில் பண்ணையாளர்கள் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கை இறக்குமதி செய்து கொட்டத் தொடங்கினார்கள். பால் கொழுப்பின் தன்மை மாறியது. 2015இல் ஃபொன்டெரா, ஒரு மாட்டுக்கு நாளுக்கு 3 கிலோவுக்கு மேல் போடாதீர்கள் என்று ஆலோசனை சொன்னது. அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பண்ணையின் பாலிலும் கொழுப்பின் வகையை அளந்து ஒரு சுட்டெண் கொடுத்தது. 2018 செப்டெம்பரிலிருந்து, அந்த எண் எல்லை தாண்டினால் பண்ணைக்குத் தண்டப் புள்ளி, காசு வெட்டு. புண்ணாக்கைத் தடை செய்யவில்லை. பாலில் தெரிந்தால் உன் கையைக் கடிக்கும் என்றது, அவ்வளவுதான்.

இங்கேயும் அளக்கிற வசதி இல்லாமல் இல்லை. மொன்றியல் தீவின் மேற்கு முனையில் செந்த்-ஆன்-டு-பெல்வியூ என்ற ஊர். டவுன்டவுனில் இருக்கும் மக்கில் பல்கலைக்கழகத்தின் விவசாய வளாகம் அங்கேதான். மாட்டுக் கொட்டிலும் உண்டு. பக்கத்திலேயே லாக்டாநெட் நிறுவனம். பண்ணைப் பால் மாதிரிகளை அகச்சிவப்பு ஒளியில் வைத்துச் சோதிப்பது அவர்களின் வேலை. பாலில் கொழுப்பு எவ்வளவு என்பதோடு எந்த வகைக் கொழுப்பு என்பதையும் அந்த ஒளி காட்டும். மாட்டின் தீனியைத் திருத்திக்கொள்ளப் பண்ணையாளர்களுக்கு அந்த விவரம் ஏற்கெனவே உதவுகிறது. எண் கையில் இருக்கிறது, விலையில் இல்லை. அதை விலைக்குள் கொண்டுவரச் சொல்வதும், தீனியைப் பற்றி ஒரு வரி பெட்டியில் போடச் சொல்வதும் பெரிய ஆசையா? எல்லையில் வரிச்சுவர் கட்டி வெளிநாட்டுப் பால் உள்ளே வராமல் காக்கிற நாடு இது. அந்தச் சுவருக்கான செலவை ஒவ்வொரு கட்டியிலும் நாங்கள்தான் கொடுக்கிறோம்.

உடம்புக்குக் கெடுதியா என்று உடனே கேட்பீர்கள். பால்மிட்டிக் அமிலம் கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டும் வகைதான். ஆனால் எந்தப் பட்டரிலும் அதுதான் பெரும்பங்கு. பாம் கொழுப்புத் தீனி அதைச் சில புள்ளிகள் ஏற்றுகிறது. எங்கட ஆட்களுக்கு இருதய நோய் அதிகம் என்பதற்காகக் கவலைப்படுகிறவர்கள், கட்டி இளகினதா என்று பார்ப்பதைவிட எத்தனை கட்டி வாங்குகிறோம் என்று பார்ப்பது நல்லது. மேய்ச்சல் மாட்டுப் பட்டர்தான் வேண்டும் என்றால், கோடையில் மாட்டை வெளியே மேயவிடுவதைக் கட்டாயமாக்கும் ஆர்கானிக் சான்று உள்ளதை வாங்கலாம். விலை கையைக் கடிக்கும். நாங்கள் விசேசத்துக்கு மட்டும் வாங்குகிறோம்.

கட்டுப்பாடுகள் எல்லாம் விலகிய பிறகு ஒரு செப்டெம்பர் ஞாயிறு, அம்மாவையும் மகளையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனேன். வருசத்தில் ஒரு நாள் பண்ணைகளைச் சனத்துக்குத் திறந்துவிடுவார்கள். கொட்டிலுக்குள் நுழைந்ததும் அம்மா மாட்டைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தார். கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். புளிக்கவைத்த சோளப் பயிர், நறுக்கின உலர்புல், அரைத்த சோளம், சோயாப் புண்ணாக்கு. பண்ணைக்காரருக்கு ஆங்கிலம் அரைகுறை, அம்மாவுக்குப் பிரெஞ்சு இல்லை. நடுவில் பதினொரு வயது மகள்.

“புண்ணாக்குக்குப் பிரெஞ்சில என்ன பிள்ளை?”

“தூர்த்தோ, அப்பம்மா.”

“பனை எண்ணெய் போடுறவரோ எண்டு கேள்.”

கேட்டாள். அவர் சிரித்தார். முந்திப் போட்டவர், 2021இல் நிறுத்தியவர். கொழுப்புக் கொஞ்சம் இறங்கியது, பால் காசும் இறங்கியது. பக்கத்துப் பண்ணைக்காரர் நிறுத்தினாரா என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். உலர்புல்லைக் கொஞ்சம் முன்னதாக, இளசாக வெட்டி ஈடுகட்டுகிறாராம். மகள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டினார். இளம் புல் என்ற இடத்தில், “அதுதானே சரி” என்றார்.

பிறகு கையிலிருந்த பிடியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். புளிச்சுப் போன இனிப்பு வாசம்.

“கள்ளுக் கொட்டில் மாதிரி மணக்குது எண்டு சொல்லு.”

மகள் என்னைப் பார்த்தாள். “அப்பா, கள்ளுக் கொட்டிலுக்குப் பிரெஞ்சில என்ன?”